ஒன்பது கிராம் தொரை

ஒன்பது கிராம் எடையுள்ள நோயாளியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இருபத்தாறு வருஷமாக அரசாங்க மருத்துவமனையில் அட்டெண்டன்ட் வேலை பார்க்கிறேன். குறைமாதக் குழந்தையிலிருந்து நூற்றிருபது கிலோ ஆள்வரை தள்ளுவண்டியில் வைத்து எக்ஸ்ரேவுக்கும் ஆபரேஷனுக்கும் கொண்டுபோயிருக்கிறேன். சாப்பாடு கட்டி வாங்கும் தாப்பாவ் டப்பாவில் ஈரத்துணி விரித்து, மூடியில் ஓட்டை போட்டு, மடியில் வைத்து ஒரு நோயாளியைக் கொண்டுபோனது இந்த வருஷம்தான்.

நோயாளியின் பெயர் தொரை. ஐம்பது காசு நாணயம் அளவுக்கு ஓர் ஆமைக்குஞ்சு. என் வீட்டுக்காரர் முனியாண்டி, தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், சம்பள நாளன்று கூலிம் டவுனில் ஒரு கடையில் வாங்கி வந்தார். தொட்டியில் விட்டதும் அது கழுத்தை நீட்டி இரண்டு அடி நடந்தது. நின்றது. இடமும் வலமும் பார்த்துவிட்டு மறுபடி நடந்தது.

"அப்படியே எங்க எஸ்டேட்டு தொரை வெளிக்காடு பாக்க வர்ற மாதிரியே இருக்கு" என்றார். அன்றைக்கே பெயர் வைத்தாகிவிட்டது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்காக அழுது, டாக்டர்களைப் பார்த்து, கோயில்களுக்கு நடந்து, எல்லாம் ஓய்ந்து பல வருஷம் ஆகிறது. அவர் இயல்பிலேயே பேசாத ஆள். ஒரு நாளைக்கு என்னிடம் பத்து வார்த்தை பேசினால் அதிகம். தொரை வந்த பிறகு, வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, தொட்டி பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பேசுவார். எந்த லாரி பிந்தி வந்தது, எந்த சூப்பர்வைசர் கத்தினான், எல்லாம். நான் சமையற்கட்டில் நின்று கேட்பேன். இருபத்தேழு வருஷத்தில் எனக்குத் தெரியாத கதைகளெல்லாம் ஆமை மூலமாகத் தெரிய வந்தன.

எங்கள் தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டு ரோசம்மா அக்காவுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"ஆமை புகுந்த வீடு வெளங்காதுன்னு சொல்வாங்களே சரசு" என்றார் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

"அமீனா புகுந்த வீட்டையும்தான் சொல்வாங்க. நம்ம தாமான்ல எத்தனை வீட்டுக்கு பேங்க்காரன் வந்துட்டுப் போறான்? எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"நீ எதுக்கும் ஒரு பதில் வச்சிருப்ப லா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

வைத்திருப்பேன்தான். உடம்பு விஷயத்தில் எங்கள் வீட்டில், ஏன், எங்கள் வரிசை முழுக்க, நான் சொன்னதுதான் சட்டம். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். என் வீட்டுக்காரர் நான் மாத்திரையை நீட்டினால் என்ன ஏது என்று கேட்காமல் வாயைத் திறப்பார்.

அதனால்தான், மூன்றாவது மாதத்தில் தொரையின் ஓட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தபோது, அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கழுத்துத் தோலிலும் மெல்லிசாக உரிந்திருந்தது. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"அம்மை" என்றேன்.

"ஆமைக்கா?"

"கோழிக்கு வருது, மாட்டுக்கு வருது. ஆமைக்கு வராதா?"

சிரிக்காதீர்கள். எஸ்டேட்டில் கோழிக்கு அம்மை போட்டால் என் அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொண்டையில் தடவுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதை அப்படியே செய்தேன். செய்வதைத் திருந்தச் செய் என்பார்களே, அப்படிச் செய்தேன். முன்வாசலில் காலை வெயில் படும் இடத்தில் இருந்த தொட்டியை வீட்டுக்குள் ஸ்டோர் அறைக்கு மாற்றினேன். வெளிச்சம் படக்கூடாது என்று மேலே ஒரு கைலியைப் போட்டு மூடினேன். ரோசம்மா அக்கா மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர். இருந்தாலும், வேப்பமரம் அவர் வீட்டில்தான் இருக்கிறது. "எதுக்கும் நான் ஜெபமாலையும் சொல்றேன்" என்று ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தார். தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும். வீட்டில் தாளிப்பு இல்லை, கவுச்சி இல்லை. நாங்களே மீன் தின்னாதபோது தொரைக்கு மட்டும் காய்ந்த இறாலா? அதையும் நிறுத்தினேன். கஞ்சியும் கீரையும்தான்.

புள்ளி போகவில்லை. ஒரு புள்ளி உதிர்ந்தால் இன்னொன்று தெரிந்தது. அம்மை இன்னும் இறங்கவில்லை என்று இன்னொரு வாரம் நீட்டினேன். அப்புறம் இன்னொரு வாரம். இப்படியே ஆறு வாரம் ஓடிவிட்டது.

ஆறாவது வாரக் கடைசியில் கைலியை விலக்கிப் பார்த்தபோது தொரையின் இரண்டு கண்களும் வீங்கி மூடியிருந்தன. தலையை உள்ளே இழுக்கவில்லை. என் வீட்டுக்காரர் கையில் எடுத்தவர், கட்டைவிரலை ஓட்டின் மேல் வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"அமுங்குது சரசு" என்றார். "ஓடு அமுங்குது."

நான் தொட்டேன். ஊறவைத்த அப்பளம்போல இருந்தது.

எங்கள் பக்கத்துக் கிளினிக்கில் நாய் பூனை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஆமை, பாம்பு, பறவை பார்க்கிற டாக்டர் அலோர் ஸ்டாரில் இருப்பதாக அங்கே சொன்னார்கள். மறுநாள் காலை இரண்டு பேரும் லீவு சொல்லிவிட்டு எங்கள் பழைய காடியில் கிளம்பினோம். வழியெல்லாம் என் வீட்டுக்காரர் குளிர்சாதனத்தைப் போடவில்லை. தொரைக்குக் குளிரும் என்றார். ஒன்றரை மணி நேரம் வேர்த்து ஊற்றியது.

காத்திருக்கும் இடத்தில் எங்களைத் தவிர எல்லோரும் பூனைக்காரர்கள். எனக்கு மருத்துவமனை என்றால் நடந்துகொண்டே இருக்கிற இடம். நாற்காலியில் உட்கார்ந்து நம்பரைப் பார்க்கிற பழக்கமே கிடையாது. அந்த ஒரு மணி நேரத்தில், எங்கள் ஆஸ்பத்திரி வராண்டாவில் "இன்னும் எவ்ளோ நேரமாகும் அக்கா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் என்ன பதில் சொன்னேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நல்ல பதில்களாக இல்லை.

கவுண்டர் பெண் நோயாளி அட்டையில் பெயர் எழுதினாள். தொரை என்றதும், எங்கள் அடையாள அட்டையில் இருப்பதுபோலவே, தொரை, தகப்பன் பெயர் முனியாண்டி என்று பதிந்துகொண்டாள். அந்த அட்டையை என் வீட்டுக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நான் பூனைகளைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண். முப்பது வயது இருக்கலாம். பேச்செல்லாம் மலாயில், நான் தமிழில் சொல்கிறேன். கேக் செய்ய மாவு நிறுப்பதுபோன்ற ஒரு தராசில் தொரையை வைத்தார். ஒன்பது கிராம். எக்ஸ்ரே எடுத்தார். நான் எத்தனையோ எக்ஸ்ரே படங்களைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவள். இந்தப் படத்தில் எலும்பு இருக்க வேண்டிய இடம் புகைபோல மங்கிக் கிடந்தது. பார்த்ததுமே தெரிந்தது.

"எலும்பில் சுண்ணாம்புச் சத்தே இல்லை" என்றார் டாக்டர். "இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வெயிலும் சரியான சாப்பாடும் கிடைக்காதது. வெயில் நேராகப் பட்டால்தான் ஆமைக்குச் சாப்பாட்டில் இருக்கிற சுண்ணாம்பு எலும்பில் சேரும். கண்ணாடி வழியாகப் பட்டால்கூடச் சேராது. இன்னொன்று, சிறுநீரகம் கெட்டுப்போயிருப்பது. பெரிய ஆமையாக இருந்தால் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம். இவ்வளவு சின்ன உடம்பில் அதற்கு வேண்டிய ரத்தம் எடுக்க முடியாது. நீங்கள் சொல்வதை வைத்துத்தான் நான் முடிவு செய்ய வேண்டும். எங்கே வைத்திருந்தீர்கள்? என்ன கொடுத்தீர்கள்?"

அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் சொன்ன வார்த்தை, "நானும் ஆஸ்பத்திரியில்தான் வேலை செய்கிறேன் டாக்டர்" என்பது. சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்ன வாயால் எப்படி ஸ்டோர் அறையையும் கைலியையும் வேப்பிலையையும் சொல்வது?

"வாசல்ல தினமும் காலை வெயில் படும்" என்றேன். "காஞ்ச இறால், ஆமைத் தீனி எல்லாம் குடுக்கிறோம். சோத்தோங் கணவாய் ஓடுகூட தொட்டியில போட்டிருக்கோம்."

ஆறு வாரத்துக்கு முன்னால் அது உண்மை. டாக்டர் எழுதிக்கொண்டார். என் வீட்டுக்காரர் டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொரையை வார்டில் சேர்த்தோம். வார்டு என்றால் ஓர் அலமாரி. சூடு குறையாத கண்ணாடிப் பெட்டிகள், வெயிலின் வேலையைச் செய்கிற ஒரு விளக்கு. மேல் தட்டில் ஒரு கிளி, கீழே எங்கள் ஆள். தண்ணீரில் விட்டால் மூழ்கிவிடும் என்பதால் ஈரத்துணி மேல் வைத்து, ஒரு நாளைக்கு இரண்டு வேளை மட்டும் கால் நனைகிற வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைப்பார்களாம். கண்ணுக்குச் சொட்டு மருந்து. நாங்கள் புக்கிட் செலம்பாவில் அவர் தம்பி வீட்டில் தங்கிக்கொண்டோம். தினமும் அங்கிருந்து போய்ப் பார்த்தோம். தம்பி வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஓர் ஆமைக்கா இத்தனை பாடு என்று கேட்காமலே தம்பி மனைவி தினமும் பிளாஸ்கில் டீ போட்டுக் கொடுத்துவிட்டாள். அந்த டீயை நான் மறக்க மாட்டேன்.

நான்காம் நாள் டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"முன்னேற்றம் இல்லை. எடை ஒன்பதிலிருந்து எட்டரைக்கு இறங்கிவிட்டது. வெயிலும் சாப்பாடும் சரியாக இருந்தும் இப்படி ஆகிறதென்றால் சிறுநீரகமாகத்தான் இருக்கும். அப்படியானால் நான் சுண்ணாம்பு மருந்தை அதிகம் கொடுக்க முடியாது. அது உடம்பில் தப்பான இடத்தில் போய்ப் படியும். வைட்டமின் ஏ ஊசியும் போட முடியாது. நன்றாகச் சாப்பிட்ட ஆமைக்கு அதைப் போட்டால் தோலே உரிந்துவிடும். அது வலியில் இருக்கிறது. தூங்க வைத்துவிடலாமா என்று நீங்கள் யோசிக்க வேண்டும். அவசரமில்லை. வெளியே உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்."

வெளியே ஒரு பெஞ்சு. அவர் காலியான தாப்பாவ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன செய்றது?" என்றேன்.

"நீ என்ன சொல்றியோ அதான்."

எப்போதும் சொல்கிற பதில். அன்றைக்குத்தான் அது என்னைச் சுட்டது. எங்கள் வார்டில் நாட்டு மருந்து கொடுத்ததை மறைக்கிற குடும்பங்களைக் கண்டால் நான் விடமாட்டேன். "டாக்டர்கிட்ட மறைச்சா வியாதி மறைஞ்சிருமா?" என்று வராண்டாவே கேட்கிற மாதிரி திட்டியிருக்கிறேன். நர்ஸ் மிஸிகள்கூட, "சரசக்காவ விடுங்க, அவங்க கேட்டாத்தான் உண்மை வரும்" என்பார்கள்.

"நான் அன்னிக்கு டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன். "உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல? பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

அவர் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினார்.

"நீ ஆஸ்பத்திரில இருக்கிற ஆளு. அங்கல்லாம் அப்படித்தான் பேசணும் போலன்னு நெனச்சேன். நீ ஒன்னு சொன்னா காரணம் இருக்கும்னு."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவர் இருபத்தேழு வருஷமாக நம்பியதைப்போலவே அன்றைக்கும் என்னை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நம்பிக்கையாலேயே தொரை சாகப்போகிறது. நான் எழுந்து கதவைத் தட்டாமலே உள்ளே போனேன்.

நின்றுகொண்டே சொன்னேன். ஸ்டோர் அறை, கைலி, மஞ்சள், வேப்பிலை, கஞ்சி, ஆறு வாரம். அம்மை என்றால் என்ன, அதற்கு ஏன் இருட்டு, ஏன் கவுச்சி கூடாது என்பதையெல்லாம் மலாயில் சொல்வதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. கடைசியில், "நான் பொய் சொன்னேன் டாக்டர்" என்றேன். கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

டாக்டர் திட்டுவார் என்று நின்றேன். அவர் பேனாவை எடுத்து அட்டையில் இரண்டு வரியை அடித்தார்.

"இது நல்ல செய்தி" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வெயிலும் சாப்பாடும் இல்லாமல் வந்ததென்றால், கொடுத்தால் சரியாகும். சிறுநீரகம் என்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இதை என்னால் செய்ய முடியும்." பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "முதலில் அந்த வெள்ளைப் புள்ளி எப்படி இருந்தது?"

சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

"குஞ்சு வளரும்போது பழைய தோலும் ஓட்டின் மேல்படலமும் அப்படித்தான் உரியும். அது வியாதி இல்லை."

அதாவது, ஒரு வியாதியும் இல்லாத பிள்ளையை நான் ஆறு வாரம் இருட்டில் வைத்து நோயாளி ஆக்கியிருக்கிறேன். இதை எழுதும்போதும் கை ஒரு நிமிஷம் நிற்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். என்னைப்போல நிச்சயமாகத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு தாமானிலும் ஒருத்தர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான்.

அன்றைக்கே மருந்து மாறியது. கொசுக் கால் மாதிரி ஒரு ஊசியில் வைட்டமின் ஏ. சுண்ணாம்பு மருந்து வாயில் ஒரு சொட்டு. கண் வீக்கம் வடிய அந்த ஊசிதான் காரணமாக இருக்கும், ஆனால் மெதுவாகத்தான் வடியும் என்றார். இன்னும் ஐந்து நாள் வார்டு. எட்டரை எட்டரையாகவே நின்றது. இறங்காததே எனக்குப் போதும். ஏழாம் நாள் எட்டு புள்ளி ஏழு. கவுண்டர் பெண் அதைத் தாளில் பெரிதாக எழுதிக் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டியிருந்தாள். என் வீட்டுக்காரர் அதைக் கைபேசியில் படம் பிடித்துத் தொழிற்சாலைக்கு அனுப்பினார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பத்துப் பேர் கைதட்டுகிற படம் அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று வாரம் நான்தான் நர்ஸ். இதில் எனக்கு நிகர் கிடையாது, தைரியமாகவே சொல்வேன். சொட்டு மருந்து நேரம் தவறவில்லை. சோத்தோங் ஓட்டைச் சுரண்டி மாவாக்கி, இறாலில் தொட்டு வைத்தேன். ஸ்டோர் அறைக் கைலியைக் கிழித்துக் கரித்துணி ஆக்கினேன். தொட்டி மறுபடி வாசலுக்கு வந்தது. பாதி வெயில், பாதி நிழல். முழு வெயிலில் வைத்தால் வெந்துபோகும் என்று டாக்டர் சொன்னதை ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்தேன். எனக்காகத்தான்.

கண் திறந்தது ஒரு வியாழக்கிழமை காலை. முதலில் இடது கண். ஒரு கீற்று மாதிரி திறந்து, கறுப்பாக ஒரு புள்ளி என்னைப் பார்த்தது. நான் "ஏங்க!" என்று கத்திய கத்தில், வேலைக்குப் போகப் பூட்ஸ் ஒரு காலில் மாட்டியிருந்தவர் அப்படியே ஓடி வந்தார். ரோசம்மா அக்காவும் வேலிக்கு வந்துவிட்டார். தொரை இறால் துண்டைப் பார்த்தது. கழுத்தை நீட்டிக் கவ்வியது. அந்த மனுஷர் ஒரு காலில் பூட்ஸோடு வாசலில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பதினான்கு கிராம். ஓட்டை விரலால் அழுத்தினால் அமுங்கவில்லை. இனி முழுத் தண்ணீரில் விடலாம் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார்.

"அப்ப தலைக்குத் தண்ணி ஊத்திர வேண்டியதுதானே சரசு?" என்றார் ரோசம்மா அக்கா. அம்மை இறங்கினால் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றித்தானே முடிப்போம். எனக்கும் அது சரி என்றே பட்டது. அம்மை இல்லைதான், ஆனால் ஒன்று ஆரம்பித்தால் அதை முறையாக முடிக்க வேண்டாமா? அக்கா வீட்டு மரத்தில் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு, மஞ்சள் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். தண்ணீரை ஏற்கெனவே காய்ச்சித் தொட்டியில் ஊற்றிவைத்திருந்தார்.

"வேணாம் சரசு" என்றார்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நின்றேன். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"என்ன வேணாம்?"

"வேப்பில வேணாம். மஞ்சளும் வேணாம். வெறுந்தண்ணி போதும்."

கோபம் வந்தது. ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, தொரையை உள்ளங்கையில் வைத்து, அது எங்கே போகலாம் என்று கழுத்தை நீட்டி இடமும் வலமும் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கோபம் வந்த வழியே போய்விட்டது. வேப்பிலையை வேலி மேல் வைத்தேன். மஞ்சள் டப்பாவை மூடினேன்.

அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

"தண்ணி சூடு சரியா இருக்கா பாருங்க" என்றேன்.

அவர் ஒரு விரலை விட்டுப் பார்த்தார்.

"கொஞ்சம் ஆறட்டும்" என்றார்.

சரி என்று காத்திருந்தேன்.